நார்ச்சி

மசேரு விமானம் மாலை நாலு ஐம்பத்தைந்துக்கு.
இப்போது காலை ஏழுகூட ஆகவில்லை.
பையில் தறிக்கான சென்சார் இரண்டு,
கோயம்புத்தூர் கம்பெனியின் கடிதம் ஒன்று.
தறி அங்கே நின்று கிடக்கிறது.
நான் இங்கே.

கேட் எதிரே உட்கார்ந்தே பொழுதைக் கொன்று பழகியவள்தான்.
தோஹாவில் ஒரே காப்பியை
மூன்று மணி நேரம் குடித்திருக்கிறேன்.
அடிஸ் அபாபாவில் ஒரு தூணோடு
ஏறக்குறைய சம்பந்தமே பேசி முடித்தேன்.
இந்தமுறை விசா இருக்கிறது, வெளியே வெயில் இருக்கிறது.
வரிசை ஊர்ந்து முடிந்தபோது ஒன்பது.
யாருக்கோ அட்டை பிடித்து நின்று
அந்த யாரோ வராமல் போன ஒருவர்
அட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.
ஐந்து மணி நேரம், ஊரைக் காட்டுங்கள் என்றேன்.
தபீசோ ஒரு விலை சொன்னார்.
நான் பாதி சொன்னேன்.
முக்காலில் கார் கிளம்பியது.

ஆகஸ்ட் குளிர், ஈரமே இல்லாத குளிர்.
சிரித்தால் உதடு வெடிக்கிறது.
புல்லெல்லாம் பிஸ்கட் நிறம்.
தூரத்தில் ஒரு மஞ்சள் மலை,
கத்தியால் தலையைச் சீவியது போல.
மலை இல்லை அது, என்றார்,
தங்கம் எடுத்துக்கொண்டு கொட்டிய மண்.
காற்றடித்தால் எங்கள் சோற்றில் விழும்.

போனில் குறித்துவைத்த இடங்கள் ஏழு.
மியூசியம் திங்கட்கிழமை மூடல்.
உயரமான கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேர்.
ஒரு துணிக்கடையில் மட்டும் நாற்பது நிமிடம்.
நீலத் துணியை விரலிடுக்கில் தேய்த்துத் தேய்த்து
ஊடை எண்ணிக்கொண்டிருந்தேன்.
கடைக்காரப் பெண் கண்ணாடியைக் கழற்றினாள்:
வாங்குவீர்களா, பரீட்சை எழுதுகிறீர்களா?

ஒன்றேகாலுக்கு தபீசோ தொண்டையைச் செருமினார்.
மகளைப் பள்ளியிலிருந்து கூப்பிட வேண்டும்,
தினமும் அவர் தங்கை போவாள், இன்று அவளுக்கு முடியவில்லை,
போகிற வழிதான்.
போகிற வழி இல்லை என்று வரைபடம் காட்டியது.
சரி என்றேன்.

ஆக, ஜோஹானஸ்பர்க்கில்
நான் அதிக நேரம் பார்த்த இடம்
பச்சைப் பெயின்ட் உரிந்த ஒரு பள்ளிக்கூடக் கேட்.
புலெங். ஒன்பது வயது. முன்பல் ஒன்று பாதிதான் வளர்ந்திருந்தது.
என் பையை நகர்த்திவிட்டு,
தன் பையை நடுவில் வைத்தாள், எல்லைக்கல் போல.

சிவப்பு விழுந்தது.
இங்கே சிக்னலுக்கு ரோபோ என்று பேர்.
ரோபோவடியில் ஒருவன் ஓடிவந்தான்,
இரண்டு கையிலும் வலைப்பைகள், வலைக்குள் ஆரஞ்சு வெளிச்சம்.
"நார்ச்சி!" என்றாள் புலெங்.
என்ன சொன்னாய்?
"நார்ச்சி."
இன்னொரு தடவை?
அவள் அப்பாவைப் பார்த்தாள்.
இந்த அம்மாவுக்குக் காதில் கோளாறு.

நாரத்தை.
எங்கள் வீட்டில் சுருள்சுருளாய் அரிந்து
உப்பில் புதைத்துவைப்போம், காய்ச்சல்காரர் கஞ்சிக்கு.
எந்தக் கப்பலில் ஏறிற்று,
யார் வாயிலிருந்து யார் வாய்க்கு இறங்கிற்று,
எத்தனை நூறு வருடமாய் இங்கே தங்கல்?
அடுத்த கப்பலைத் தவறவிட்டதோ,
வேண்டுமென்றே விட்டதோ.
அடித்துச் சொல்ல நான் பண்டிதை இல்லை.
தறி பார்க்கிறவள்.
அறுந்த நூலை யாரோ முடிந்திருக்கிற இடம்
விரலுக்குத் தட்டும், அவ்வளவுதான்.

ஆனால் இது இனித்தது.
கசப்பை எந்தத் துறையில் இறக்கிப் போட்டாய் என்று
ஒரு சுளையைப் பார்த்துக் கேட்டேன்.
புலெங் கொட்டையைத் தன் உள்ளங்கையில் துப்பி
குப்பைக்கூடையிடம் கொடுப்பது போல
என்னிடம் நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன்.

தபீசோ பேசிய காசை எண்ணி வாங்கினார்,
பழத்துக்கு மட்டும் வாங்கவில்லை.
சோதனைச் சாவடிப் பெண் என் கையுறையை முகர்ந்தாள்.
நார்ச்சி, என்றேன்.
எனக்கு அது சரியாக வரவில்லை போலும்.
திருத்தினாள்.

மசேரு ஒரு மணி நேரம் தாமதம் என்றது பலகை.
பையில் இன்னும் நாலு பழம்.